நூறு வாட் மார்ஷல் கித்தார் ஆம்பின் ஒலியை அடுக்குமாடி அறைக்குள் எழுப்ப முடியுமா?

செத்தாபாக்_கம்பி (கோலாலம்பூர்)

வணக்கம். மூன்று மாதங்களாக ஒரே இடத்தில் செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டிருப்பதால் இங்கே கேட்கிறேன். செத்தாபாக்கில் பதினான்காம் மாடியில் குடியிருக்கிறேன். வால்வு ஆம்பை (வெற்றிடக் குழாய்களில் ஓடும் கித்தார் ஒலிப்பெருக்கியை) முழு ஒலியில் வைத்து வாசிப்பது இங்கே நடக்காத காரியம் என்பதால், மடிக்கணினி, கித்தாரைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஆம்பைப் போலச் செய்யும் மென்பொருளான ஆம்ப் மாடலிங் பிளக்-இன், ஹெட்போன் ஆகிய நான்கையும் வைத்துக் காலம் தள்ளுகிறேன். கித்தார் எஸ்.ஜி. வடிவத்தில் செய்யப்பட்ட மலிவான ஒன்று. பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப் உண்டு.

எனக்கு வேண்டியது ஏசி/டிசி ராக் குழு 1980இல் வெளியிட்ட 'பேக் இன் பிளேக்' தொகுப்பில் கேட்கும் கித்தார் ஒலி. தலைப்புப் பாடலின் தொடக்கத்தில் வரும் ஈ, டி, ஏ என்ற மூன்று கார்டுகள் அப்படியே வந்துவிட்டால் போதும். 1959ஆம் ஆண்டு மார்ஷல் மாடலைத் தேர்ந்தெடுத்தேன். முதல் வால்யூமை 8இல் வைத்து, முன்னால் ஒலியை இன்னும் கரகரப்பாக்கும் ஓர் ஓவர்டிரைவ் பெடலையும், இரைச்சல் வரக்கூடாது என்று ஒரு நாய்ஸ் கேட்டையும் சேர்த்தேன். கிடைப்பதோ தகர டப்பாவில் அடைபட்ட தேனீக்கூட்டத்தின் இரைச்சல். தொகுப்பில் கேட்கும் கார்டுகளில் ஒவ்வொரு கம்பியும் தனியாக எண்ணக்கூடியதாக இருக்கிறது. என்னுடையதில் எல்லாம் கூழாகிவிடுகின்றன. பிளக்-இன் சரியில்லையா, என் கித்தார் சரியில்லையா?

ஜெலுத்தோங்_வால்வு (பினாங்கு)

தம்பி, முதலில் ஒரு திருத்தம். 1959 என்பது ஆண்டு அன்று, மாடல் எண். ஜிம் மார்ஷல் லண்டன் ஹான்வெல் கடையில் முதல் ஆம்பை உருவாக்கியதே 1962இல்தான். அதுவும் ஃபெண்டர் பாஸ்மேன் சுற்றைப் பார்த்துச் செய்தது. நூறு வாட் சூப்பர் லீடுக்கு 1959 என்றும், அதன் கீழே நிற்கும் நான்கு ஸ்பீக்கர் கேபினெட்டுக்கு 1960 என்றும், எரிக் கிளாப்டன் 1966இல் ஜான் மேயால் தொகுப்புக்காக வாசித்த காம்போவுக்கு 1962 என்றும் அந்த நிறுவனம் எண் கொடுத்தது. மூன்றுமே ஆண்டுகளைப் போலத் தெரிவதால் நாற்பது வருடமாக எல்லாரும் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தவன்தான்.

இனி உங்கள் கேள்வி. அந்த ஓவர்டிரைவ் பெடலை எடுத்துவிடுங்கள். எழுபதுகளின் ராக் ஒலியில் நாம் நினைப்பதில் பாதியளவு டிஸ்டார்ஷன் (கரகரப்பு) கூட இருப்பதில்லை. ஏசி/டிசியின் கித்தார் கலைஞர் ஆங்கஸ் யங் வாசிப்பது முறுக்கிவிடப்பட்ட ஆம்ப்தானே தவிர, பெடலால் நசுக்கப்பட்ட ஆம்ப் அன்று. அதே குழுவில் இருந்த அவருடைய அண்ணன் மால்கம் யங் கிரெட்ச் கித்தாரில் தடித்த கம்பிகளைப் பூட்டி, தம்பியைவிடவும் சுத்தமான ஒலியில் வாசித்தார். நீங்கள் ஒரே கித்தாராகக் கேட்பது உண்மையில் அவர்கள் இருவரையும் சேர்த்து. வால்யூமையும் குறைத்துப் பாருங்கள்.

செத்தாபாக்_கம்பி (கோலாலம்பூர்)

நன்றி ஐயா. பெடலை எடுத்தேன், தேனீக்கள் பாதி பறந்துவிட்டன. ஆனால் வால்யூமை 8இலிருந்து 3க்கு இறக்கியபோது நிலைமை வேறு விதமாகக் கெட்டது. ஒலி சுத்தமானதுதான், ஆனால் கண்ணாடியில் ஆணியால் கீறுவது போல ஆகிவிட்டது. மேல் அதிர்வெண்களுக்கான டிரெபிள் கைப்பிடியைப் பூஜ்யத்தில் வைத்தும் அந்தக் கீறல் போகவில்லை. இது பிளக்-இன்னின் குறைபாடாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அலைவரி_பாயான்_லெப்பாஸ் (பினாங்கு)

குறைபாடு இல்லை, அசல் ஆம்பும் அப்படித்தான் நடந்துகொள்ளும். பிளக்-இன் தன் வேலையைச் செவ்வனே செய்திருக்கிறது என்பதற்கே இது சாட்சி. தொழிற்சாலையில் சுற்றுப்பலகைகளைச் சோதிப்பது என் பிழைப்பு என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

சூப்பர் லீடில் இரண்டு சேனல்கள் உண்டு. பிரகாசமான சேனலின் வால்யூம் கட்டுப்பாட்டின் குறுக்கே ஒரு மின்தேக்கி பற்றவைக்கப்பட்டிருக்கும். அறுபதுகளின் இறுதியில் வந்த ஆம்புகளில் அதன் அளவு 5000 பிகோஃபாரட். வால்யூமைக் குறைக்கும்போது கீழ் அதிர்வெண்கள் மின்தடை வழியாகக் குறைந்து போக, மேல் அதிர்வெண்கள் இந்த மின்தேக்கியைக் குறுக்குவழியாகப் பயன்படுத்திக் குறையாமல் போய்விடுகின்றன. அதனால்தான் 3இல் வைத்தால் வெறும் கீறல் மட்டும் மிஞ்சுகிறது. வால்யூமை முழுவதும் ஏற்றும்போது மின்தேக்கியின் இரு முனைகளும் ஒன்றாகிவிடுவதால், அது இருப்பதே தெரியாமல் போய்விடுகிறது. டிரெபிள் கைப்பிடி இந்த இடத்துக்கு வெகு தூரம் பின்னால் இருக்கிறது. அதைத் திருகிப் பயனில்லை.

எனவே அந்த ஆம்பை வைத்திருந்தவர்கள் வால்யூமைக் குறைக்கவில்லை. ஒரு சிறு கம்பியால் இரண்டு சேனல்களையும் இணைத்துவிட்டு, பிரகாசமான சேனலை 6 அளவிலும் சாதாரணச் சேனலை 4 அல்லது 5 அளவிலும் வைத்து, தடிமனை இரண்டாவதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். சுத்தமான ஒலி வேண்டுமென்றால் கித்தாரில் உள்ள வால்யூமைத்தான் குறைத்தார்கள். உங்கள் பிளக்-இன்னில் 'ஜம்பர்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை அழுத்திவிட்டு, கீழ் அதிர்வெண்களுக்கான பாஸ் கைப்பிடியை 2க்கு மேல் ஏற்றாதீர்கள். மொத்த ஒலியளவைத் தனியாகக் குறைக்கும் மாஸ்டர் வால்யூம் இல்லாத ஆம்பில் பின்பகுதி வால்வுகள் முழு வீச்சில் திணறும்போது, பாஸ் அதிகமாக இருந்தால் ஒலி தொளதொளத்துவிடும்.

ஜெலுத்தோங்_வால்வு (பினாங்கு)

பாயான் லெப்பாஸ் தம்பி சொன்னது முற்றிலும் சரி. என்னிடம் பழுது பார்க்க வந்த பழைய ஆம்புகளில் அந்த மின்தேக்கியின் ஒரு காலை யாரோ வெட்டிவிட்டிருந்ததைப் பல முறை பார்த்திருக்கிறேன். வீட்டு ஒலியில் வாசிப்பவர்கள் கண்டுபிடித்த வைத்தியம் அது. சில பிளக்-இன்களில் அந்த வெட்டையும் ஒரு பொத்தானாகக் கொடுத்திருக்கிறார்கள். நிஜ ஆம்பைத் திறந்து இதைச் செய்து பார்க்க யாரும் முயல வேண்டாம். மின்செருகியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே நானூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும்.

சுபாங்_ஒலிக்கூடம் (சிலாங்கூர்)

கோலாலம்பூருக்கு வெளியே சுபாங்கிலிருந்து எழுதுகிறேன். ஆனாலும் பகல் முழுவதும் கோலாலம்பூர்ப் பிள்ளைகளின் கித்தார்களைத்தான் பதிவு செய்கிறேன். ஒன்றை எவரும் கேட்கவில்லை: இன்டர்ஃபேஸின் உள்ளீட்டு கெய்ன் (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவு) எங்கே நிற்கிறது?

செத்தாபாக்_கம்பி (கோலாலம்பூர்)

சிவப்பு விளக்கு எரியும் எல்லைக்குச் சற்று முன்னால். பாடகரைப் பதிவு செய்யும்போது அப்படித்தான் வைக்கச் சொல்லிக் கற்றுக்கொண்டேன்.

சுபாங்_ஒலிக்கூடம் (சிலாங்கூர்)

பாடகருக்கு அது சரி. ஆம்ப் மாடலுக்கு அதுவே பாதி நோய். அசல் ஆம்ப் எதிர்பார்ப்பது உங்கள் பிக்கப்பிலிருந்து நேராக வரும் மின்னழுத்தத்தை மட்டுமே. இன்டர்ஃபேஸில் 12 டெசிபெல் ஏற்றினால் அந்த மின்னழுத்தம் நான்கு மடங்காகிறது. 20 டெசிபெல் ஏற்றினால் பத்து மடங்கு. அதாவது உங்கள் எஸ்.ஜி.யில் எவருமே செய்யாத பயங்கரமான பிக்கப் ஒன்றைப் பொருத்தியது போல. பெடலை எடுத்த பிறகும் மிச்சமிருந்த தேனீக்கள் இதில்தான் குடியிருக்கின்றன. உள்ளீட்டைக் கருவிக்கான நிலைக்கு மாற்றி, கெய்னைக் குறைந்தபட்சத்தில் வையுங்கள். திரையில் அலை சிறியதாகத் தெரிகிறதே என்று பயப்படாதீர்கள். 24 பிட் பதிவில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ்_பாஸ் (கோலாலம்பூர்)

பாஸ் கித்தார் வாசிப்பவள் என்பதால் என் பங்குக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தம்பி, தொகுப்பில் கேட்கும் அந்தத் தடிமனில் பெரும்பகுதி கித்தாருடையதே அன்று. கித்தாரின் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ், என்னுடைய ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். பாஸும் டிரம்மின் கிக்கும் கீழே நிற்பதால்தான் கித்தார் கனமாகத் தோன்றுகிறது. தனியாக வாசித்து அந்தக் கனத்தைத் தேடினால் பாஸை ஏற்றுவீர்கள், பிறகு குழுவில் சேரும்போது என்னோடு மோதுவீர்கள். 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். பாடலையும் பின்னால் ஓடவிட்டு அதன் மேல் வாசித்துத்தான் ஒலியைச் சரிபாருங்கள்.

கேபினெட் ஐ.ஆர். (ஸ்பீக்கர் பெட்டியும் மைக்கும் ஒலியை மாற்றும் விதத்தைப் பதிவு செய்த கோப்பு) எது வைத்திருக்கிறீர்கள்?

செத்தாபாக்_கம்பி (கோலாலம்பூர்)

'விண்டேஜ் 30' என்று பெயர் கொண்டது அக்கா. பழைய ஒலிக்குப் பழைய ஸ்பீக்கர் என்று அதையே தேர்ந்தெடுத்தேன்.

பிரிக்பீல்ட்ஸ்_பாஸ் (கோலாலம்பூர்)

பெயர்தான் பழையது. செலஷன் நிறுவனம் அந்த ஸ்பீக்கரை எண்பதுகளின் நடுவில்தான் கொண்டுவந்தது. 'பேக் இன் பிளேக்' பதிவானபோது அது பிறக்கவே இல்லை. அதன் மேல்-நடு அதிர்வெண்கள் துருத்திக்கொண்டு நிற்கும். பின்னாளைய ஹெவி மெட்டலுக்கு அது பொருந்தும். உங்களுக்கு வேண்டியது கிரீன்பேக் எனப்படும் 25 வாட் ஜி12எம். வெறும் 25 வாட் தாங்கும் நான்கு ஸ்பீக்கர்களை நூறு வாட் ஆம்பின் முன் நிறுத்தினால் அவற்றின் கூம்புகளும் சேர்ந்து திணறும். அந்தத் திணறலும் ஒலியின் ஒரு பகுதிதான். ஐ.ஆரை மாற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு எந்தக் கைப்பிடியையும் தொடுங்கள். என்னைக் கேட்டால், ஐந்து ஆம்ப் மாடல்களை மாற்றுவதைவிட ஒரு ஐ.ஆரை மாற்றுவது ஒலியை அதிகம் மாற்றும்.

பழைய_பெட்டி (ஜார்ஜ்டவுன்)

இத்தனை வைத்தியமும் எதற்கு? வால்வு சூடேறாத எதுவும் ராக் ஒலி அன்று. நான் 1998இல் சிவப்பு அவரைக்கொட்டை போன்ற அந்த லைன் 6 பாட் என்ற மாடலிங் பெட்டி வந்தபோதே கேட்டவன். கொசு ரீங்கரிப்பது போல இருந்தது. இன்றைய பெட்டிகளும் பிரேம் போட்ட கொசுக்களே. கூம்பு திணறுவது அழகு என்று அக்கா சொல்கிறார், ஐ.ஆர். என்பது அந்தத் திணறலைப் பதிவு செய்யவே முடியாத ஒன்று என்பதை ஏன் எவரும் சொல்வதில்லை?

அலைவரி_பாயான்_லெப்பாஸ் (பினாங்கு)

அண்ணன் சொன்னதில் கடைசி வரி உண்மை. அதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஐ.ஆர். நேரியல் தன்மை கொண்டது. மெதுவாக வாசித்தாலும் ஓங்கி வாசித்தாலும் ஒரே வடிகட்டியைத்தான் போடும். 48 கிலோஹெர்ட்ஸில் 2048 மாதிரிகள் என்றால் ஏறத்தாழ 43 மில்லிநொடி நீளமுள்ள ஓர் உறைந்த படம் அது. கூம்பின் திணறலை இன்று சில மாடல்கள் தனியாகக் கணக்கிட்டுச் சேர்க்கின்றன, எல்லாம் சேர்ப்பதில்லை. அதேபோல ஸ்பீக்கரின் மின்மறுப்பு கீழே ஒத்ததிர்வு வரும் இடத்திலும் மேலேயும் உயர்வதால் ஆம்பின் இறுதி வால்வுகள் அந்த இடங்களில் அதிகம் தள்ளுகின்றன. இதற்கும் நல்ல மாடலர்களில் ஒரு தனித் தெரிவு உண்டு, ஐ.ஆரை மாற்றும்போது அதையும் மாற்ற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் 1998இன் பெட்டியை வைத்து இன்றையதை எடைபோடுவதை ஏற்க மாட்டேன். அன்றைய கொசுவுக்கு ஒரு பெயர் உண்டு: அலியாசிங். டிஸ்டார்ஷன் புதிய ஹார்மோனிக்குகளை, அதாவது சுரத்தின் மடங்குகளாக வரும் அதிர்வெண்களை, பிறப்பிக்கிறது. 48 கிலோஹெர்ட்ஸில் ஓடும் கணினி 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ளவற்றை வைத்துக்கொள்ள முடியாது. அவை மடிந்து கீழே விழுகின்றன. மெல்லிய ஈ கம்பியின் 22ஆம் கட்டையில் கிடைக்கும் சுரம் ஏறத்தாழ 1175 ஹெர்ட்ஸ். அதன் 30ஆம் ஹார்மோனிக் 35,250 ஹெர்ட்ஸ். அது மடிந்து 12,750 ஹெர்ட்ஸில் வந்து விழும். அந்தச் சுரத்தோடு அதற்கு எந்த உறவும் இல்லை. இதை எவரும் வீட்டிலேயே சோதிக்கலாம்: அதிக கெய்னில் அந்தக் கட்டையை அழுத்தி, கம்பியை மெதுவாக மேலே வளையுங்கள். சுரம் ஏறும்போது பின்னால் ஏதோ ஒன்று கீழே இறங்குவது கேட்டால் அதுதான் மடிப்பு. பிளக்-இன்னில் ஓவர்சாம்பிளிங்கை (உள்ளே கணக்கிடும் மாதிரி வேகத்தை) 4 அல்லது 8 மடங்குக்கு மாற்றினால் அது கேட்காத அளவுக்கு அடங்கிவிடும். மடிக்கணினியின் விசிறி மட்டும் சற்று உறுமும்.

பழைய_பெட்டி (ஜார்ஜ்டவுன்)

அப்படியானால் கெம்பர், நியூரல் ஆம்ப் மாடலர் என்று அசல் ஆம்பையே படம் பிடிக்கும் வகைகள் வந்துவிட்டனவே, அவை மேல் இல்லையா? குறைந்தபட்சம் அங்கே ஒரு நிஜ வால்வாவது எங்கோ எரிந்திருக்கும்.

அலைவரி_பாயான்_லெப்பாஸ் (பினாங்கு)

ஒரு நிலைக்கு மட்டும் மேல். 2011இல் கெம்பர் தொடங்கி வைத்த அந்த வழி, குறிப்பிட்ட கைப்பிடி நிலையில் ஓர் ஆம்ப் எப்படி நடந்துகொண்டது என்பதை வியக்கத்தக்க அளவில் பிடித்துவிடுகிறது. ஆனால் மேலே பேசிய மின்தேக்கியை நினைத்துப் பாருங்கள். வால்யூம் 8இல் எடுத்த படத்துக்கு, 3இல் அந்த ஆம்ப் கீறும் என்ற செய்தி தெரியாது. நீங்கள் கெய்னைக் குறைத்தால் அது தனக்குத் தெரிந்த வகையில் குறைக்குமே தவிர, சூப்பர் லீட் குறைவது போலக் குறைக்காது. ஒரே ஒலியோடு முழுப்பாடலையும் வாசிப்பவருக்கு அது போதும். செத்தாபாக் தம்பியைப் போலத் திருகிக் கற்றுக்கொள்ள விரும்புபவருக்குச் சுற்றைப் பகுதி பகுதியாகக் கணக்கிடும் மாடலே நல்ல ஆசிரியர்.

ஜெலுத்தோங்_வால்வு (பினாங்கு)

இருவருக்கும் இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மாடலிங் இன்றும் தடுமாறும் இடம் ஒலியைக் கரடுமுரடாக்கும் ஃபஸ் ஃபேஸ் பெடல். ஜிமி ஹென்ரிக்ஸ் பயன்படுத்திய அந்தப் பெடலின் உள்ளீட்டு மின்மறுப்பு மிகக் குறைவு. அது கித்தாரின் பிக்கப்பை இழுத்துப் பிடித்து, இரண்டும் ஒரே சுற்றாக வேலை செய்கின்றன. கித்தார் வால்யூமைச் சற்று குறைத்தவுடன் ஒலி மணி போலச் சுத்தமாவது அதனால்தான். இன்டர்ஃபேஸோ 1 மெகாஓம் உள்ளீட்டில் கித்தாரை வாங்கிக்கொண்ட பிறகுதான் கணினிக்கு அனுப்புகிறது. அந்த இழுபறி வாசலிலேயே தொலைந்துவிடுகிறது. ஹீலிக்ஸ், ஆக்ஸ்-எஃப்எக்ஸ் போன்ற மாடலிங் பெட்டிகளில் உள்ளீட்டு மின்மறுப்பை மாற்றும் வசதி உண்டு. மடிக்கணினிக்காரர்கள் நிஜப் பெடலை இன்டர்ஃபேஸுக்கு முன்னால் வைப்பதே வழி. குவீன் குழுவின் பிரையன் மே பாணியில் வாக்ஸ் ஏசி30 ஆம்புக்கு முன்னால் டிரெபிள் பூஸ்டர் வைக்க நினைப்பவர்களுக்கும் இதே அறிவுரை.

செத்தாபாக்_கம்பி (கோலாலம்பூர்)

பத்து நாட்கள் கழித்து வருகிறேன். சொன்னவற்றை எல்லாம் செய்துவிட்டு, உண்மையை அறிய ஒரு காரியமும் செய்தேன். புடுவில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாமிங் அறையில், நான்கு ஸ்பீக்கர் கேபினெட்டோடு ஒரு மார்ஷல் இருக்கிறது. இரண்டு மணி நேரம் எடுத்து, முதல் மணியில் அதில் வாசித்து, கைப்பேசியில் அல்லாமல் ஒரு எஸ்எம்57 மைக்கைக் கூம்பின் ஓரத்தில் நிறுத்திப் பதிவு செய்தேன். இரண்டாம் மணியில் அதே கித்தாரை, அதே கம்பிகளோடு, அங்கேயே மடிக்கணினியில் பதிவு செய்தேன்.

அறையில் நின்றபோது பழைய_பெட்டி அண்ணன் பக்கமே முழு வெற்றி. கால்சட்டையின் துணி ஆடியது. ஒரு கார்டை அடித்தால் மார்பில் வந்து மோதியது. வீட்டுக்கு வந்து இரண்டு பதிவுகளையும் ஒரே ஒலியளவில் ஹெட்போனில் கேட்டபோது வெற்றி எங்கோ ஒளிந்துகொண்டது. எது எது என்று கோப்பின் பெயரைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. தம்பியிடம் மாற்றி மாற்றிப் போடச் சொல்லி ஏழு முறை ஊகித்தேன். நான்கு முறை தவறினேன். அறையில் எனக்குக் கிடைத்தது ஆம்பின் ஒலி. தொகுப்பில் நான் முப்பது வருடப் பழக்கத்தில் கேட்டுவரும் குடும்பச் சொத்தோ மைக்கின் ஒலி. அப்பாவின் ஒலிநாடாவில் கேட்டு வளர்ந்தவனுக்கு இது இப்போதுதான் உறைத்தது.

சுபாங்_ஒலிக்கூடம் (சிலாங்கூர்)

இதை எல்லா வாடிக்கையாளருக்கும் அச்சிட்டுக் கொடுக்கலாம் போலிருக்கிறது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காது குறைந்த ஒலியளவில் கீழ் அதிர்வெண்களையும் உச்ச அதிர்வெண்களையும் குறைவாகவே உணர்கிறது. ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அதை அளந்து வரைந்துவிட்டார்கள். எனவே நடு இரவில் ஹெட்போனில் மெதுவாக வைத்துச் செதுக்கிய டோன், ஒலியை ஏற்றியவுடன் பாஸும் கீறலுமாக விகாரமாகிவிடும். சரிபார்ப்பதை மட்டும் பகலில், சற்று உரக்கச் செய்யுங்கள்.

'பேக் இன் பிளேக்' பற்றி ஒன்று. ஆங்கஸ் அந்தப் பதிவில் ஸ்டூடியோவுக்குள்ளேயே ஷாஃபர்-வேகா என்ற கம்பியில்லாக் கருவி வழியாக வாசித்தார். ஒலியை ஒரு முனையில் சுருக்கி மறுமுனையில் விரிக்கும் அந்தக் கருவி, ஆம்பின் உள்ளீட்டைச் சற்று தள்ளியும் கொடுத்தது. ஓவர்டிரைவ் பெடல் இல்லாமல், மெல்லிய கம்ப்ரஸரும் நாலைந்து டெசிபெல் சுத்தமான பூஸ்டும் வைத்துப் பாருங்கள். பிறகு அதே பகுதியை இரண்டாம் முறை புதிதாக வாசித்து, ஒன்றை இடதிலும் மற்றதை வலதிலும் போடுங்கள். முதல் பதிவை நகலெடுத்துப் போட்டால் பயனில்லை. இரண்டு கைகளின் சிறு வேறுபாடுகளில்தான் அகலம் இருக்கிறது. மால்கம் பக்கத்துக்கு வால்யூமை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள்.

செத்தாபாக்_கம்பி (கோலாலம்பூர்)

செய்துவிட்டேன். ஜம்பர் போட்டு முதல் வால்யூம் 6, இரண்டாவது 5. பாஸ் 2, மிட் 7, டிரெபிள் 5, பிரசென்ஸ் 4. கிரீன்பேக் ஐ.ஆர்.; கீழே 90 ஹெர்ட்ஸிலும் மேலே 7 கிலோஹெர்ட்ஸிலும் வெட்டு. கோப்பை இணைத்திருக்கிறேன், கேட்டுச் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங்_வால்வு (பினாங்கு)

ஹெட்போனிலும் கேட்டேன், கடையில் இருக்கும் பெரிய ஸ்பீக்கரிலும் கேட்டேன். டோனில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மூன்று கார்டுகளுக்கும் இடையில் இருக்கும் மௌனத்தைக் கத்தரிக்கோலால் வெட்டியது போல வெட்டியிருக்கிறீர்கள். நாய்ஸ் கேட்டை இன்னும் எடுக்கவில்லை, இல்லையா? இந்த அளவு கெய்னுக்கு அது தேவையே இல்லை. வலது உள்ளங்கையால் கம்பிகளை நிறுத்துங்கள். நிற்கும்போது கேட்கும் அந்தச் சிறு உரசலும் பாடலில் இருக்கிறது.

செத்தாபாக்_கம்பி (கோலாலம்பூர்)

எடுத்துவிட்டேன் ஐயா. எடுத்தவுடன் மௌனத்தில் ஓர் உறுமல் கேட்டது. கித்தாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், மேசை விளக்கை அணைத்தேன், போகவில்லை. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் சட்டென்று நின்றது. இப்போது பேட்டரியில் ஓடுகிறது. ஓவர்சாம்பிளிங் 8 மடங்கில் இருந்தால் ஐம்பது நிமிடம் தாங்குகிறது. மால்கம் பகுதியை மட்டும் மறுபடி வாசித்துவிட்டு, பிரிக்பீல்ட்ஸ் அக்காவுக்கு அனுப்புகிறேன். அவர் பாஸ் போட்டுத் தருவதாகத் தனிமடலில் சொல்லியிருக்கிறார்.